பாகிஸ்தான் பேச்சுவார்த்தைக்குத் தயார் என்கிறதே, நம்பலாமா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

நான் நீடாமங்கலம் பக்கம். என் தம்பி ராணுவத்தில் இருக்கிறான். இப்போது எல்லையில் பணி (ஊர்ப்பெயரைப் பிறகு நீக்கிவிட்டேன்). 2025 மே 7 முதல் 10 வரை இந்தியா, பாகிஸ்தான் சண்டை நடந்தபோது எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு 2020-இல் சுகோய் விமானங்கள் வந்ததிலிருந்து அந்த இரைச்சல் எங்களுக்குப் பழகிய ஒன்றுதான். ஆனால் அந்த நான்கு நாளும் விமானச் சத்தம் கேட்டாலே அம்மா கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றுவிடுவார்.

10-ஆம் தேதி மாலை சண்டை நிறுத்தம் என்றார்கள். அன்று இரவே மறுபடியும் டிரோன்கள் என்று செய்தி வந்தது. மாதக் கடைசியில் பாகிஸ்தான் பிரதமர் ஷெபாஸ் ஷெரீப் தெஹ்ரானில் நின்று, காஷ்மீர், தண்ணீர், வணிகம், பயங்கரவாதம் எல்லாவற்றையும் பற்றி இந்தியாவுடன் பேசத் தயார் என்றார். "கையில் அணுகுண்டு வைத்திருப்பவன் சமாதானம் பேசினால் அது நேரம் வாங்கத்தான்" என்கிறார் அப்பா. "அணுகுண்டு இருப்பதால்தான் பேசியாக வேண்டும்" என்கிறார் மாமா. இரண்டும் சரி போலவே தோன்றுகிறது. எந்தக் கட்சி சரி, எது தவறு என்ற பேச்சு வேண்டாம். இப்படி ஓர் அழைப்பு வந்தால் எதைப் பார்த்து எடைபோட வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உறையூரான்:

நம்பக் கூடாது. 1999 பிப்ரவரி 20 அன்று வாஜ்பாய் வாகா வழியாகப் பஸ்ஸில் லாகூர் போனார். மறுநாள் லாகூர் பிரகடனத்தில் அவரும் பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீப்பும் கையெழுத்திட்டார்கள். இரண்டு நாடுகளும் அணுகுண்டு வெடித்துக் காட்டி ஓர் ஆண்டுகூட ஆகாத நேரம். உலகமே கைதட்டியது. கையெழுத்தின் மை காய்வதற்குள் அவர்களுடைய ராணுவம் கார்கில் முகடுகளில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. எங்கள் திருச்சியின் மேஜர் சரவணன் மே 29 அன்று படாலிக்கில் விழுந்தார். அவர் உடல் அந்த மலையிலிருந்து பல வாரங்கள் கழித்துத்தான் மீட்கப்பட்டது. அந்த ஊர்வலத்தில் நின்றவன் நான்.

2008 நவம்பர் 26 அன்று மும்பையில் சுட்டுக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய வெளியுறவு அமைச்சர் பேச்சுவார்த்தைக்காக டெல்லியிலேயே இருந்தார். 2015 கிறிஸ்துமஸ் அன்று மோடி லாகூரில் இறங்கிக் கைகுலுக்கினார். எட்டே நாளில் பதான்கோட் விமானத் தளம் தாக்கப்பட்டது. இன்னும் எத்தனை முறை பார்க்க வேண்டும்?

ஒரத்தநாட்டு சுபேதார்:

அம்மா, முதலில் ஒரு வேண்டுகோள். உங்கள் தம்பி இருக்கும் ஊர்ப்பெயரைப் பதிவிலிருந்து எடுத்துவிடுங்கள். படைப்பிரிவின் பெயரையும் எந்த இடத்திலும் எழுதாதீர்கள்.

நான் சிக்னல்ஸ் பிரிவில் சுபேதாராக ஓய்வு பெற்றவன். உறையூர் நண்பர் சொன்ன தேதிகளில் ஒன்றுகூடத் தவறில்லை. அவர் கோபமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வரிசையில் ஒரு தேதி விடுபட்டிருக்கிறது. 2003 நவம்பர் 25 நள்ளிரவு, எல்லையில் போர் நிறுத்தம் தொடங்கிய நேரம். மறுநாள் ஈத் பெருநாள். நான் அப்போது காஷ்மீர் எல்லையில் பூஞ்ச் பகுதியில் ஒரு போஸ்டில் இருந்தேன்.

மோர்ட்டார் குண்டு விழுந்தால் முதலில் அறுவது டெலிபோன் கம்பிதான். கம்பி அறுந்தால் போஸ்டுக்கு வாயும் இல்லை, காதும் இல்லை. அறுந்த இடத்தைத் தேடிப் போவது எங்கள் வேலை. இருட்டில் டார்ச் அடிக்க முடியாது. கம்பியை இடது கையில் ஓடவிட்டுக்கொண்டே குனிந்து நடக்க வேண்டும். கை வெறுமையாகும் இடத்தில் முழங்காலிட்டு, மறுமுனையை மண்ணில் தடவிக் கண்டுபிடித்து, மேலுறையைப் பல்லால் உரித்து, முறுக்கி, டேப் சுற்றி, போனைப் பொருத்திப் பேசிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். திரும்புவதற்குள் இன்னொரு குண்டு வேறோர் இடத்தில் அறுத்திருக்கும். அப்படிப் போன என் கூட்டாளி ஒருவர் ஒரு காலோடுதான் ஊர் திரும்பினார்.

அந்த நள்ளிரவுக்குப் பிறகு குளிர்காலம் முழுவதும் எங்கள் கம்பி குண்டால் அறுபடவில்லை. போஸ்டுக்குக் கீழே ஒரு கிராமம். எதிர்ப்பக்கத்துத் துப்பாக்கிக்கு நேரே தெரியும் சரிவில் அதுவரை அவர்கள் கால் வைத்ததில்லை. சில நாட்களில் அங்கே மாடு ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

அந்தப் போர் நிறுத்தத்தை முதலில் அறிவித்தது பாகிஸ்தான்தான். நாம் ஏற்றுக்கொண்டு, சியாச்சினுக்கும் சேர்த்து நீட்டினோம். அப்போது அங்கே ஆட்சியில் இருந்தவர் யார்? கார்கிலைத் திட்டமிட்ட அதே முஷாரஃப். மனம் திருந்திவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. லாகூரில் கையெழுத்திட்ட நவாஸ் ஷெரீப்பின் கையில் ராணுவம் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் அந்த ராணுவமே அவரை இறக்கிவிட்டது. 2003-இல் முஷாரஃபே அதிபர், முஷாரஃபே தளபதி. பேசிய வாயும் துப்பாக்கி விசையில் இருந்த விரலும் ஒருவருடையவை. அவருக்கு அவசியமும் இருந்தது. ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா இறங்கிய பிறகு மேற்கு எல்லை கொதித்துக்கொண்டிருந்தது. அந்த டிசம்பரிலேயே அவர்மீது இரண்டு கொலை முயற்சிகள் நடந்தன. கிழக்கே அமைதி அவருக்குத் தேவைப்பட்டது.

நாமும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. குண்டு விழாத அந்த மாதங்களைப் பயன்படுத்தித்தான் கட்டுப்பாட்டுக் கோட்டு வேலியைக் கட்டி முடித்தோம்.

ஆகவே யார் பேசுகிறார் என்பதை முதலில் பாருங்கள். தெஹ்ரானில் பேசியவர் பிரதமர். அதற்குச் சில நாள் முன்புதான் அங்கே ராணுவத் தளபதி ஆசிம் முனீர் ஃபீல்டு மார்ஷல் ஆக்கப்பட்டார். 2025 ஏப்ரலில் பஹல்காமில் பயங்கரவாதிகளால் 26 பேர் கொல்லப்படுவதற்கு ஆறு நாள் முன்பு காஷ்மீரைத் தங்கள் குரல்வளை என்று மேடையில் முழங்கியவர் அவர். அவர் வாயிலிருந்து வராத வரை பிரதமரின் அழைப்புக்கு நான் பாதி எடைகூடத் தர மாட்டேன். ஆனால் காது கொடுத்துக் கேட்பேன்.

இன்னொன்று. 1988-இல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன. ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்கக் கூடாது. ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று அவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு பட்டியலைக் கொடுக்க வேண்டும். 1992-இல் தொடங்கிய இந்தப் பரிமாற்றம் 2025 ஜனவரி வரை ஒருமுறைகூடத் தவறவில்லை. கார்கில் வந்தது, நாடாளுமன்றத் தாக்குதல் வந்தது, மும்பை வந்தது, புல்வாமா வந்தது. பட்டியல் மட்டும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. கல்பாக்கமும் கூடங்குளமும் நம் கடற்கரையில்தான் இருக்கின்றன. அந்தத் தாளின் மதிப்பை நாம் குறைத்து எண்ணக் கூடாது. கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டதெல்லாம் உடைந்தது. இது உடையவில்லை. மீறினால் இருவருக்கும் நாசம் என்பது இருவருக்கும் தெரியும்.

உறையூரான்:

ஐயா, உங்கள் சேவைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த 2003 அமைதி என்னவாயிற்று? நாளடைவில் கிழிந்து, 2020-இல் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மீறல்கள் என்று நம் அரசே சொன்னது.

ஒரத்தநாட்டு சுபேதார்:

உண்மை. கிழிந்தது. 2021 பிப்ரவரியில் இரு தரப்பு ராணுவ இயக்குநர்களும் (ராணுவ நடவடிக்கைகளை நடத்தும் டி.ஜி.எம்.ஓ. அதிகாரிகள்) பேசி மறுபடி தைத்தார்கள். நிரந்தரமாக இருக்கும் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் முதல் சில ஆண்டுகள் கிடைத்ததே, அந்தக் காலத்தில் உயிரோடு ஊர் திரும்பிய பிள்ளைகளை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? சில ஆண்டு அமைதி கிடைத்தால் நான் வாங்கிக்கொள்வேன். முடியும் நாளுக்கும் தயாராக இருப்பேன்.

கடைமடை:

நான் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே விவசாயம் செய்கிறேன். இந்த ஆண்டு (2025) மேட்டூரை ஜூன் 12 அன்றே திறந்துவிட்டார்கள். தண்ணீர் இன்னும் எங்களுக்கு வந்து சேரவில்லை. கர்நாடகம் நமக்குப் பகை நாடு அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அங்கே எந்த அமைச்சர் என்ன சொன்னார் என்று கேட்டு இங்கே யாரும் நாற்று விடுவதில்லை. மாநில எல்லையில் காவிரியை அளக்கும் பிலிகுண்டுலுவில் இன்று எத்தனை கன அடி என்று பார்க்கிறோம். ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பில் எண் இருக்கிறது, அளப்பதற்கு மத்திய நீர் ஆணையத்தின் ஆள் இருக்கிறார், சண்டை போடக் காவிரி மேலாண்மை ஆணையம் இருக்கிறது. நம்பிக்கை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் அளவு இருக்கிறது.

சிந்து ஒப்பந்தமும் அப்படித்தான் நின்றது. 1960-இல் நேருவும் அயூப் கானும் கராச்சியில் கையெழுத்திட்டார்கள். ராவி, பியாஸ், சட்லெஜ் நமக்கு. சிந்து, ஜீலம், செனாப் அவர்களுக்கு. அங்கே மாற்றுக் கால்வாய்கள் வெட்ட நாம் பத்துத் தவணையில் பணம் தர ஒப்புக்கொண்டோம். 1965 போர் நடந்த ஆண்டிலும் தவணை போயிற்று. இரு பக்கமும் ஆணையர்கள் இருந்தார்கள், நேரில் போய்ப் பார்வையிட்டார்கள். 65, 71, 99 மூன்றையும் தாண்டியது.

பஹல்காமுக்குப் பிறகு 2025 ஏப்ரல் 23 அன்று அதை நிறுத்திவைத்திருக்கிறோம். 26 பேரைக் கொன்றபின் வந்த கோபம் நியாயமானது. ஆனால் கடைமடைக்காரன் என்ற முறையில் எனக்கு ஒரு கவலை உண்டு. தண்ணீர் வராவிட்டால் முதலில் காய்வது தளபதியின் வயல் அல்ல. அளந்து, சரிபார்த்து, அறுபது ஆண்டுக்கு மேல் ஓடிய ஒரே ஏற்பாடு அது. பேச்சு என்று ஒன்று தொடங்கினால் அங்கிருந்து தொடங்கட்டும்.

பாலக்கரை ஆசிரியர்:

கும்பகோணத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். வேறு இரண்டு நாடுகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வட கொரியா 2008 ஜூனில் யோங்பியோன் அணு உலையின் குளிரூட்டும் கோபுரத்தைத் தொலைக்காட்சிக்காரர்கள் முன்னால் வெடிவைத்துத் தகர்த்தது. அடுத்த ஏப்ரலில் சர்வதேச ஆய்வாளர்களை வெளியேற்றியது, மே மாதம் இரண்டாவது அணுகுண்டுச் சோதனை நடத்தியது. சோவியத் தலைவர் கோர்பச்சேவ் 1987-இல் அமெரிக்க அதிபர் ரீகனுடன் நடுத்தர ஏவுகணை ஒப்பந்தம் செய்தபோது அமெரிக்காவிலும் பலர் இது ரஷ்யாவின் வலை என்றார்கள். ஆனால் 1991-க்குள் இரு தரப்பும் சேர்ந்து 2,692 ஏவுகணைகளை அழித்தன. அமெரிக்க ஆய்வாளர்கள் வோட்கின்ஸ்க் தொழிற்சாலை வாசலிலேயே ஆண்டுக்கணக்கில் குடியிருந்து, வெளியே போகும் பெரிய வண்டிகளைச் சோதித்தார்கள். சோவியத் ஆட்களும் அங்கே யூட்டாவில் அதேபோல் உட்கார்ந்திருந்தார்கள். கோபுரத்தை இடித்துக் காட்டுவது ஒரு நாள் வேலை. தன் தொழிற்சாலை வாசலில் எதிரியை உட்கார வைப்பவன்தான் உண்மையாகவே எதையோ விட்டுக்கொடுக்கிறான்.

அக்கரைப்பேட்டை:

நாகை மீனவக் குடும்பம் எங்களுடையது. எங்கள் ஆட்களைப் பிடிப்பது இலங்கை, பாகிஸ்தான் அல்ல. ஆனால் குஜராத் மீனவர்கள் கராச்சிச் சிறையில் இருக்கும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் வயிறு பிசைகிறது. சுபேதார் ஐயா சொன்ன அணு நிலையப் பட்டியலைப் போலவே கைதிகள், மீனவர்கள் பட்டியலையும் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரி 1 அன்றும் ஜூலை 1 அன்றும் மாற்றிக்கொள்கிறார்கள். பட்டியல் ஒழுங்காக வருகிறது, சரி. தண்டனை முடிந்தவர்களையும் விடாமல் வைத்திருக்கிறார்களே, அதற்கு என்ன? உண்மையாகவே சமாதானம் வேண்டும் என்றால் அவர்களை இன்றே படகோடு அனுப்பலாம். அதற்கு எந்த மாநாடும் தேவையில்லை. நாமும் நம் சிறையில் தண்டனை முடித்த அவர்களுடைய மீனவர்களை அனுப்ப வேண்டும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெண்ணாற்றங்கரை:

எல்லாருக்கும் நன்றி. கடைமடை அண்ணன் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், அவர் வாதாடவில்லை. சுபேதார் ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன். நாங்கள் வீட்டில் இருந்துகொண்டு செய்தியில் எதைக் கவனிக்க வேண்டும்? தொலைக்காட்சியைப் போட்டால் கத்தல்தான் கேட்கிறது.

ஒரத்தநாட்டு சுபேதார்:

கத்தலை அணைத்துவிடுங்கள் அம்மா. கட்டுப்பாட்டுக் கோட்டில் துப்பாக்கி ஓய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாள் கணக்கு உதவாது, மாதக் கணக்கில் பாருங்கள். இரு தரப்பு ராணுவ இயக்குநர்களின் ஹாட்லைன் பேச்சு நடக்கிறதா என்று பாருங்கள். மே 10 அன்று சண்டையை நிறுத்தியதும் அந்த ஹாட்லைன் பேச்சுதான். ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் அணு நிலையப் பட்டியல் போகிறதா, வருகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மே 7 அன்று நாம் அடித்த முரித்கேயிலும் பஹவல்பூரிலும் பயங்கரவாத அமைப்புகளின் தளங்கள் மறுபடி எழுகின்றனவா என்பதைப் பாருங்கள். அங்கே செங்கல் ஏறினால் தெஹ்ரானில் பேசியதற்குப் பொருள் இல்லை.

தம்பி போனில் வரும்போது இதில் எதையும் கேட்க வேண்டாம். அவன் சொல்லவும் கூடாது.

உறையூரான்:

கடைசியாகச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். காந்தஹார் விமானக் கடத்தலில் 1999 டிசம்பர் 31 அன்று நாம் விடுவிக்க நேர்ந்த மசூத் அசார்தான் ஜெய்ஷ்-இ-முகமது அமைப்பைத் தொடங்கினான். புல்வாமாவில் இறந்த 40 பேரில் அரியலூர் மாவட்டத்துப் பிள்ளை ஒருவனும் உண்டு, கொள்ளிடத்துக்கு அக்கரை. அந்தத் தாக்குதலுக்குப் பொறுப்பேற்றது அந்த அமைப்பு. மசூத் அசாரை ஒப்படைக்கட்டும், பிறகு நானும் பேச்சுவார்த்தை வேண்டும் என்று எழுதுகிறேன்.