டர்பனிலிருந்து வாண்டரர்ஸ் மைதானத்துக்கு ஒரே காரில் ஐந்து பேர்: வண்டி, வழி, இருக்கை, சாப்பாடு

கடலோரக்காரன் கேட்டது:

வணக்கம். ஜோகன்னஸ்பர்க் (ஜோபர்க்) வாண்டரர்ஸ் மைதானத்தில் ஜோபர்க் சூப்பர் கிங்ஸ் அணியின் டி20 கிரிக்கெட் ஆட்டம் ஒன்றைப் பார்க்க ஜனவரியில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து நண்பர்கள் ஐந்து பேர் கிளம்புகிறோம். கார் 1.4 லிட்டர், டர்போ இல்லாதது. ஆட்டம் சனிக்கிழமை மாலை 5.30-க்கு. இருவர் தைப்பூசக் காவடிக்கு விரதம், முட்டையும் கிடையாது. இன்னொருவர் சென்னையிலிருந்து வருகிறார், அவரும் ஓட்டுவார். அன்றே போய் இரவே திரும்புவது சரிப்படுமா? எந்தப் பக்கம் சீட்டு எடுப்பது? வண்டியை எங்கே விடுவது? எங்களுக்கு டர்பனின் கிங்ஸ்மீட் மைதானம் மட்டும்தான் பழக்கம்.

மூன்றாம் கியர்:

இரவே திரும்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். டி20 ஆட்டம் முடிய ஒன்பது மணி ஆகும், வெளியே வர இன்னும் முக்கால் மணி. அதன்பின் 570 கிலோமீட்டர் ஓட்டினால் வான் ரீனன் கணவாயில் இறங்கும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். தூக்கம், மூடுபனி, லாரிகள் மூன்றும் சேர்ந்து நிற்கும் இடம் அது. ஒரு இரவு தங்கி ஞாயிறு காலை கிளம்புங்கள்.

போகும்போது விடியற்காலை 4 மணிக்கு டர்பனை விட்டுவிட வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை என் 3 (N3) நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலை நடக்கிறது. வெளிச்சம் வந்தபின் அங்கே லாரிகளின் பின்னால் மாட்டினால் ஒரு மணி நேரம் போய்விடும். ஜனவரி முதல் வாரமாக இருந்தால் இன்னும் கவனம், கடற்கரை விடுமுறை முடிந்து ஜோபர்க் குடும்பங்கள் திரும்புவதும் இதே திசையில்தான். சுங்கச்சாவடிகள் ஐந்து: மரியன்ஹில், மோய் ரிவர், டுகேலா, வில்ஹ, டி ஹூக். கட்டணம் ஒவ்வொரு மார்ச்சிலும் ஏறும். வெளிநாட்டு வங்கி அட்டை அங்கே எடுபடாமல் போகலாம், சென்னை நண்பரின் அட்டையை நம்பாதீர்கள். ஜோபர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்தில் சாலைக்கு மேலே நிற்கும் மின்சுங்க வளைவுகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அந்த வசூல் 2024 ஏப்ரலில் நின்றுவிட்டது.

வண்டிதான் முக்கியம். ஜோபர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிவு என்பதால் டர்போ இல்லாத எஞ்சின் தன் பலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இழந்துவிடும். ஐந்து பேரும் மூட்டையும் ஏறினால் ஏற்றத்தில் ஐந்தாம் கியர் இழுக்காது. திணறும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே நாலாம் கியருக்கு வாருங்கள், ஏசியை அணைத்தால் கொஞ்சம் கைகொடுக்கும். டயர் காற்றை, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் முழுச் சுமைக்கு என்று போட்டிருக்கும் அளவுக்கு, கிளம்பும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போதே ஏற்றிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் கடற்கரையில்தான் விலை குறைவு, டர்பனில் தொட்டி நிரம்பப் போடுங்கள். விலை மாறுவது மாதத்தின் முதல் புதன்கிழமை. முழுச் சுமையில் 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் என்று வைத்தால் 40 லிட்டர் ஆகிறது. 45 லிட்டர் தொட்டிக்கு இது ஒட்டிப்போகும் கணக்கு, ஹாரிஸ்மித்தில் 10 லிட்டர் சேர்த்துவிடுங்கள். ஏறக்குறைய பாதி வழியும் அதுதான், ஓட்டுநர் மாறவும் அங்கேயே நிறுத்தலாம்.

சென்னை நண்பரின் உரிமம் ஆங்கிலத்தில், படமும் கையெழுத்துமாக இருந்தால் போதும். ஆனால் காரின் காப்பீட்டில் அவரும் அடங்குவாரா என்று முதலில் கேளுங்கள்.

ஹைவெல்ட் வாசி:

பெட்ரோல் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். கடலிலிருந்து தள்ளிய உட்பகுதியில் 93, 95 என்ற இரண்டு ஆக்டேன் வகைப் பெட்ரோலும் கிடைக்கும். மெலிந்த காற்றில் எஞ்சின் எளிதில் தட்டாது (உள்ளே ‘டக் டக்’ என்று இடிக்காது) என்பதால் மேலே 93 போதும். ஆனால் 95 கேட்கும் காரில் 93-ஐ நிரப்பிக்கொண்டு கடலுக்கு இறங்கினால் அங்கே தட்டத் தொடங்கும். திரும்பும் பயணத்துக்கு 95-தான்.

இனி மைதானம். கிங்ஸ்மீட்டின் புல்மேட்டில் துண்டு விரித்து உட்காருவது போல் இங்கே எண்ணாதீர்கள். வாண்டரர்ஸில் அடுக்குகள் செங்குத்து, அதனால்தான் காளைச்சண்டைக் களம் என்ற பட்டப்பெயர். முழங்கால் வலி உள்ளவருக்குக் கீழ் வரிசை, நடைபாதை ஓரம். 5.30 ஆட்டத்துக்கு மேற்குப் பக்க அடுக்குதான் என் தேர்வு. ஜனவரியில் சூரியன் ஏழு மணிக்குத்தான் மறைகிறது, கிழக்குப் பக்கம் உட்கார்ந்தால் முதல் பாதி முழுவதும் கண்ணைக் கூசும். சீட்டு எடுக்கும்போது வரைபடத்தில் வடக்கு எது என்று பார்த்துவிட்டு எடுங்கள். இந்த உயரத்தில் வெயில் உறைக்காதது போலிருக்கும், ஆனால் புற ஊதாக் கதிர் கடற்கரையைவிடக் கடுமை.

பந்தும் இங்கே கூடுதல் தூரம் பறக்கும். 2006 மார்ச் 12 அன்று ஆஸ்திரேலியா எடுத்த 434-ஐத் தென்னாப்பிரிக்கா 438 அடித்து முந்தியது இந்த மைதானத்தில்தான். எல்லைக்கோட்டை ஒட்டிய இருக்கை கிடைத்தால் பந்து வீசும்போது கைப்பேசியைப் பார்க்காதீர்கள்.

மைதானத்துக்கு எம் 1 (M1) நெடுஞ்சாலையில் கார்லெட் டிரைவ் வெளிவழி. வாசலை நெருங்க நெருங்க நெரிசல், ஆகவே 3.30-க்குள் வண்டியை நிறுத்திவிடுங்கள். கட்டண நிறுத்துமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், தெருவோரம் வேண்டாம். ரிமோட்டை அழுத்தியபின் கதவைக் கையால் இழுத்துப் பாருங்கள். சிக்னலை மறிக்கும் கருவியோடு திருடர்கள் திரிகிறார்கள், பூட்டிய ஓசை வந்தது போலிருந்தும் கதவு திறந்தே இருக்கும். ரோபோட்டில் (போக்குவரத்து விளக்கில்) நிற்கும்போது பையும் கைப்பேசியும் மடியில் இருக்கக் கூடாது. கௌட்ரெயின் என்ற விரைவு ரயிலில் ரோஸ்பேங்க் நிலையம் வந்து அங்கிருந்து டாக்சி பிடிப்பது போவதற்கு நல்ல வழி, ஆனால் இரவு ரயில் சீக்கிரம் நின்றுவிடும் என்பதால் வருவதற்கு உதவாது.

அடுப்படி அக்கா:

பன்னி சவ் (குடைந்த ரொட்டிக்குள் கறி) கட்டிக்கொண்டு போகாதீர்கள் தம்பி, ரொட்டி ஊறிக் கூழாகிவிடும். உருளைக்கிழங்கும் பட்டாணியும் தண்ணீர் சுண்ட வதக்கிய ரோட்டி ரோல், ஆளுக்கு மூன்று. கறி ஆறியபின் சுருட்டினால்தான் வியர்க்காது. விரதக்காரர்களுக்குப் புளிச்சோறு: முக்கால் கிலோ அரிசி ஐந்து பேருக்கு இரண்டு வேளைக்குத் தாராளம். நல்லெண்ணெய் கொஞ்சம் தூக்கலாக விடுங்கள், சோறு விறைக்காது. தேங்காய் சேர்த்தது எதுவும் வேண்டாம், ஜனவரிப் புழுக்கத்தில் மத்தியானத்துக்குள் ஊசிவிடும்.

மைதானத்துக்குள் என்ன கொண்டுபோகலாம் என்பதைச் சீட்டோடு வரும் விதிகளில் பாருங்கள். சமைத்ததை வாசலில் திருப்பி அனுப்பக்கூடும், ஆகவே உள்ளே போகும் முன் வயிறாரச் சாப்பிட்டுவிடுவது நல்லது. உள்ளே சிப்ஸ் இருக்கிறதே என்று விரதக்காரர்கள் வாங்க வேண்டாம். கோழி பொரித்த எண்ணெயிலேயே அதையும் பொரித்திருப்பார்கள். ஜோபர்க்கின் ஃபோர்ட்ஸ்பர்க் பகுதியில் இந்தியச் சாப்பாட்டுக்கடைகள் நிறைய, ஆனால் பெரும்பாலும் இறைச்சி சமைக்கும் அடுப்பு. தனிப் பாத்திரமா என்று கேட்டுத்தான் உட்கார வேண்டும்.

கடலோரக்காரன்:

நன்றி. சனி இரவு தங்குவதாக முடிவு செய்துவிட்டோம். மழைக்குக் குடை போதுமா?

ஹைவெல்ட் வாசி:

குடை வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். மடித்துப் பையில் வைக்கக்கூடிய மழைக்கோட்டு ஆளுக்கு ஒன்று. கோடையில் இங்கே மழை மாலை நாலு மணியிலிருந்து இடியோடு வரும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மின்னல் கண்டால் திறந்த இருக்கையை விட்டுக் கான்கிரீட் கூரையின் கீழ் போய் நில்லுங்கள், ஆனால் மைதானத்தை விட்டுக் கிளம்பிவிடாதீர்கள். இரு அணியும் ஐந்தைந்து ஓவர் ஆட நேரம் இருந்தால் ஆட்டம் நடக்கும். ஆலங்கட்டியும் விழும், தங்குமிடத்தில் கூரையுள்ள நிறுத்துமிடம் இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

மூன்றாம் கியர்:

ஞாயிறு இறக்கத்துக்கு ஒன்று. வான் ரீனன் உச்சியிலேயே மூன்றாம் கியர் போட்டு எஞ்சின் பிடியில் இறங்குங்கள். பிரேக்கில் காலை வைத்தபடி இறங்கினால் சூடேறி, கீழ்வளைவுக்கு வரும்போது மிதித்தும் பிடிக்காது. காலைப் பனி இருந்தால் ஹாரிஸ்மித்தில் ஒரு தேநீர் குடித்துக் காத்திருங்கள். பனி, விபத்து, சாலை மூடல் எதுவானாலும் என் 3 உதவி எண் 0800 63 4357.