தீர்மானத்துக்கு வாக்களித்த உறுப்பினர் மீது நேரடியாக வழக்குத் தொடர முடியுமா?

கேள்வி (சட்ட மாணவர், பாளையங்கோட்டை):
எங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்றில் குடிநீர்த் தொட்டி இயக்குபவர், தம்மைச் சாதி சொல்லித் திட்டியதாக ஓர் உறுப்பினர் மீது புகார் கொடுத்தார். அடுத்த கூட்டத்திலேயே 'நிதிநிலை கருதி' என்ற இரண்டு சொற்களோடு அவருடைய பணியிடத்தை நீக்கித் தீர்மானம் நிறைவேற்றிவிட்டார்கள். அமெரிக்காவில் இப்படி நடந்தால், கையுயர்த்திய உறுப்பினர்களுக்குச் சட்டமியற்றுவோருக்கான விலக்குரிமை (அவர்கள் மீது வழக்குத் தொடர முடியாத பாதுகாப்பு) உண்டு என்று படித்தேன். உள்ளாட்சிக்கும் அது பொருந்துமா? இங்கே நிலைமை என்ன?

பதில் 1 (வழக்கறிஞர், திருநெல்வேலி சந்திப்பு):
பொருந்தும். ஏறத்தாழ நீங்கள் சொன்ன கதைதான் போகன் எதிர் ஸ்காட்-ஹாரிஸ் வழக்கு. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால் ரிவர் நகரில், இனவெறிச் சொற்களைப் பேசிய ஊழியர் மீது ஸ்காட்-ஹாரிஸ் என்ற அதிகாரி நடவடிக்கை தொடங்கினார். பிறகு, அந்த அதிகாரி ஒருவர் மட்டுமே பணியாற்றிய துறையை நகர மன்றம் 6-2 என்ற வாக்குகளில் கலைத்தது. அவர் வழக்குத் தொடர்ந்தார்; ஜூரி (பொதுமக்களைக் கொண்ட நடுவர் குழு) அவர் பக்கம் நின்றது. ஆனால் 1998இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வரவுசெலவுத் திட்டத்தை முன்மொழிவதும் துறையைக் கலைக்கும் சட்டவிதிக்கு வாக்களிப்பதும் அதில் கையெழுத்திடுவதும் சட்டமியற்றும் செயல்களே என்றும், உள்நோக்கத்தை ஆராய்வதற்கு அங்கே இடமில்லை என்றும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மேயர் போகன் நிர்வாகத் தலைவர் என்பதால் அவருக்கு விலக்குரிமை போய்விடவில்லை. குறிப்பிட்ட ஒருவரை வேலையைவிட்டு நீக்குவது நிர்வாகச் செயல். பணியிடத்தையே ஒழிப்பது கொள்கை முடிவு. நூலிழை வேறுபாடுதான், ஆனால் வழக்கு முழுவதும் அதில்தான் தொங்கியது.

பதில் 2:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். விலக்குரிமை மனிதர்களுக்குத்தான், நகராட்சிக்கு அல்ல. 1978ஆம் ஆண்டின் மொனெல் தீர்ப்புக்குப் பிறகு நகராட்சியையே எதிர்வாதியாக்கலாம். நல்லெண்ணத்தோடு செய்தோம் என்று அது தப்பிக்க முடியாது என்பதை 1980இல் ஓவன் வழக்கு உறுதிசெய்தது. ஆனாலும் ஸ்காட்-ஹாரிஸுக்கு அந்த வழியும் பயன்படவில்லை. மன்றத்தின் பெரும்பான்மைக்கே தீய நோக்கம் இருந்ததற்குச் சான்று போதவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் முன்பே நகரை விடுவித்திருந்தது. ஜூரி ஒப்புக்கொண்ட ஒரு பழிவாங்கலுக்குக் கடைசியில் யாருமே பொறுப்பாகவில்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

பதில் 3 (ஓய்வுபெற்ற ஊராட்சிச் செயலர், அம்பாசமுத்திரம்):
தம்பி, நம் அரசமைப்பின் 105, 194ஆம் உறுப்புகள் நாடாளுமன்றத்தையும் மாநிலச் சட்டமன்றங்களையும் மட்டுமே காக்கின்றன. ஊராட்சி உறுப்பினர் அந்தக் குடைக்குள் வரமாட்டார். சட்டமன்ற உறுப்பினர்களே வாக்குக்குக் கையூட்டுப் பெற்றால் விலக்குரிமை இல்லை என்று 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. ஊராட்சி உறுப்பினருக்கு இருப்பதெல்லாம் நல்லெண்ணத்தில் செய்த செயலுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு மட்டுமே. உள்நோக்கம் நிரூபணமானால் அதுவும் நில்லாது.

ஆகவே 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு (அரசு அமைப்பின் செயலை எதிர்த்து நீதிமன்ற ஆணை கோரும் மனு) போடலாம். உள்நோக்கம் கற்பிக்கும்போது அந்த உறுப்பினரைப் பெயர் சொல்லி எதிர்மனுதாரராகச் சேர்க்காவிட்டால் அந்த வாதம் எடுபடாது; பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். தீர்மானத்தை ரத்து செய்யக் கோரி, ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கும் மனு கொடுக்கலாம். சாதி சொல்லித் திட்டியது பற்றிய புகார் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வருமானால் அது தனி வழக்கு. தீர்மானத்தோடு குழப்ப வேண்டாம்.

எதற்கும் முன்னால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மினிட் புத்தகத்தின் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பேட்டின்) நகலையும் அந்தக் கூட்டத்தின் அழைப்பறிக்கையையும் கேளுங்கள். பணியிட நீக்கம் பொருள் நிரலில் இல்லாமல் கடைசியில் நுழைக்கப்பட்டிருந்தால், உங்கள் மனுவின் முதல் பத்தியே அதுதான்.