பிஎஸ்5 விலை இறங்கும் வரை பொறுக்கலாமா?

கொக்குவில் கேம் கடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொக்குவிலில் ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்னக் கேம் கடை வைத்திருக்கிறேன். நான்கு பிஎஸ்4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4), நான்கு ரீவி, ஒரு பழைய யுபிஎஸ். பின்னேரம் ரியூஷன் முடிந்து வருகிற பெடியள்தான் என் வியாபாரம், மணித்தியாலக் கணக்கில் காசு. ஃபுட்போல், கிரிக்கெட், டெக்கன், இந்த மூன்றும்தான் ஓடும். மிச்ச டிஸ்க் எல்லாம் தட்டில் தூசி பிடிக்கிறது.

இப்போது வருகிறவன் எல்லாம் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணை, ஜிடிஏ 6 வந்தால் போடுவீங்களோ?" அந்தக் கேமைச் செய்கிற ராக்ஸ்டார் கம்பனி சொல்லியிருக்கிற திகதி 2026 நவம்பர் 19. பிஎஸ்5க்கும் மைக்ரோசொப்டின் எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டுக்கும் என்றுதான் அறிவித்திருக்கிறார்கள். பிஎஸ்4 இல் இல்லை. ஆகவே ஏதாவது மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஆனால் நான் பிஎஸ்4 வாங்கியதே பிஎஸ்5 வந்து, பழசு விலை விழுந்த பிறகுதான். அந்தக் கணக்கு நன்றாகவே சரிவந்தது. இந்த முறையும் பிஎஸ்6 வரும் மட்டும் பொறுத்தால் என்ன? இல்லாவிட்டால் எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ் விலை குறைவு என்கிறார்கள், அதில் இரண்டு போடலாமா? மனைவி சொல்கிறா, நிண்டெண்டோவின் சுவிட்ச் 2 ஒன்று வைத்தால் சின்னப் பிள்ளைகளைத் தாய்மாரே கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று. லண்டன் சித்தப்பா கோடை லீவுக்கு வரும்போது ஒரு கேம் பெட்டி கொண்டுவருவார். ஒன்றுக்கு மேல் கேட்க எனக்கு முகம் இல்லை. அந்த ஒன்று எதுவாக இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பஸ் பெடியன் எழுதியது:

அண்ணை, கொன்சோலையே விட்டுவிட்டு பிசிக்குப் போங்கள். மைக்ரோசொப்ட் தன் கேமை எல்லாம் வெளியிடும் அன்றே பிசியிலும் விடுகிறது. சோனியும் 2020 இல் தன் ஹொரைசன் கேமைப் பிசிக்குக் கொண்டுவந்த பிறகு இன்னும் பலதைக் கொண்டுவந்தது. பிசி கேம் விற்கிற ஒன்லைன் கடையான ஸ்டீமில் சேல் போட்டால் பழைய கேம் தேத்தண்ணிக் காசுக்கு வரும். ஸ்டீமை நடத்துகிற வால்வ் 2022 இல் கையில் பிடித்து விளையாடுகிற ஸ்டீம் டெக் விட்டது, இப்போது ரீவிக்குக் கீழே வைக்கிற மாதிரி ஸ்டீம் மெஷின் என்றும் அறிவித்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் கொன்சோல் என்று தனியாக ஒன்று இருக்குமோ தெரியாது.

பழைய டிஸ்க் எழுதியது:

கொக்குவில் தம்பி, பொறுக்கிற கணக்கு இனிச் சரிவராது. அது ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

2002 இல் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை திறந்த பிறகு, கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே நானும் உங்களைப் போல ஒரு கடை போட்டேன். கொழும்பிலிருந்து லொறியில் வந்த பிஎஸ்2. ஜிடிஏ சான் அன்ட்ரியாஸ் வந்த காலத்தில் பெடியள் வெளியில் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்பார்கள். 2006 ஓகஸ்டில் பாதை மூடியது, கடையும் மூடியது. அதற்குப் பிறகு திருத்த வேலையோடு சரி. அதனால் இந்தப் பெட்டிகளின் விலையை நான் விடாமல் பார்த்து வருகிறேன்.

பிஎஸ்2 அமெரிக்காவில் 2000 ஒக்டோபரில் 299 டொலருக்கு வந்தது. 2002 இல் 199, 2004 இல் 149, 2006 இல் 129, 2009 இல் 99. பொறுத்தவன் வென்றான். காரணம் இருந்தது. உள்ளே தனித்தனியாக இருந்த இரண்டு பெரிய சிப்புகளையும் பிறகு ஒரே சிப்பாக்கினார்கள். சிப் சின்னதாக ஆக ஆகச் செலவு குறைந்தது, பெட்டியும் மெலிந்தது. முதலில் நட்டத்துக்கோ கைக்கும் வாய்க்குமாகவோ விற்றுவிட்டு, பின்னால் கேமிலும் மலிந்த பெட்டியிலும் எடுப்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம்.

பிஎஸ்5ஐப் பாருங்கள். 2020 நவம்பரில் டிஸ்க் போடுகிற பெட்டி 499 டொலர். 2022 இல் உள்ளே இருக்கிற சிப்பைச் சின்னதாக்கினார்கள். விலை இறங்கவில்லை. அந்த வருடமே பிரித்தானியா, ஐரோப்பா, ஜப்பான் எல்லாவற்றிலும் விலையைக் கூட்டினார்கள். 2025 ஓகஸ்டில் அமெரிக்காவிலும் 549 ஆனது. எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ் அதைவிட மோசம்: 499 இல் தொடங்கியது 2025 மே மாதம் 599, ஒக்டோபரில் 649. 2017 இல் வந்த பழைய சுவிட்சுக்குக்கூட, சுவிட்ச் 2 வந்த பிறகு, அமெரிக்காவில் 299 இலிருந்து 339க்கு ஏற்றினார்கள். எட்டு வருடப் பழைய பெட்டிக்கு விலை ஏறியதை நான் என் காலத்தில் பார்த்ததில்லை.

புதிய சிப் செய்கிற செலவு முன்பு போல இறங்குவதில்லை என்பது ஒரு காரணம். அமெரிக்க வரி இன்னொன்று. ஏஐ கம்பனிகள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் அதன் விலை 2025 கடைசியிலிருந்து ஏறுகிறது. ஆனால் என் பார்வையில் பெரிய காரணம் வேறு. போட்டி நின்றுவிட்டது.

1995 இல் சேகா தன் சாட்டர்ன் பெட்டியை 399 டொலர் என்று அறிவித்தது. அதே நாள், அதே கண்காட்சியில் சோனிக்காரர் ஒருவர் மேடைக்குப் போய் "299" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். முதலாவது பிளேஸ்டேஷன். ஆறு வருடத்தில் சேகா பெட்டி செய்வதையே விட்டது. 2013 இலும் இதே ஆட்டம்தான்: எக்ஸ்பொக்ஸ் வன் 499, பிஎஸ்4 399. பிஎஸ்4 117 மில்லியன் விற்றது. மைக்ரோசொப்ட் 2015 இலிருந்து எத்தனை பெட்டி விற்றது என்று சொல்வதையே நிறுத்திவிட்டது. வெட்கப்பட்டுத்தான் என்று நான் நினைக்கிறேன், அவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

பிறகு மைக்ரோசொப்ட் கிட்டத்தட்ட 69 பில்லியன் டொலர் கொடுத்து 2023 ஒக்டோபரில் அக்டிவிஷன் என்ற கேம் கம்பனியை வாங்கியது. அவ்வளவு காசைத் தன் பெட்டியை மட்டும் வைத்து எடுக்க ஏலாது. தங்கள் கார் கேமான ஃபோர்ஸா ஹொரைசன் 5ஐ 2025 ஏப்ரலில் பிஎஸ்5க்கு விட்டார்கள். பிறகு ஹேலோவும் 2026 இல் பிஎஸ்5க்கு வரும் என்று 2025 இல் அறிவித்தார்கள். ஹேலோவுக்காகத்தான் ஒரு தலைமுறையே எக்ஸ்பொக்ஸ் வாங்கியது. தன் கடையின் பெயர்போன சாமானை எதிர்க் கடையில் விற்க விட்டவன் இனி விலையில் சண்டை பிடிப்பானா? அவன் பிடிக்காவிட்டால் சோனி எதற்கு இறக்க வேண்டும்? 2025 செப்டெம்பர் முடிய பிஎஸ்5 84 மில்லியன் தாண்டிவிட்டது, ஏற்றின விலையிலும் ஆட்கள் வாங்குகிறார்கள்.

ஆகவே பிஎஸ்6 வரும்போது பிஎஸ்5 மலியும் என்று நான் நம்பவில்லை.

சீரிஸ் எஸ் வேண்டாம். அதில் டிஸ்க் போட இடமே இல்லை. 299 டொலருக்கு வந்தது, அதுவும் 2025 இல் 399 ஆகிவிட்டது. மாதக் காசுக்குக் கேம் தருகிற எக்ஸ்பொக்ஸ் கேம் பாஸ் இருந்தால் மலிவு என்பார்கள், அதன் பெரிய பக்கேஜ் 2025 ஒக்டோபரில் 19.99 இலிருந்து ஒரேயடியாக 29.99 டொலர் ஆனது. ஒவ்வொரு கேமும் 100 ஜிபி அளவில் இறக்கி, 512 ஜிபி பெட்டிக்குள் எதை வைப்பது, எதை அழிப்பது? கடைக்காரனுக்கு டிஸ்க்தான் சொத்து. ஓடாவிட்டால் கைமாற்றலாம், பக்கத்துக் கடைக்காரனிடம் மாற்றிப் போடலாம். டவுன்லோட் பண்ணினதை யாரிடம் மாற்றுவது?

சித்தப்பாவிடம் டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவர் விலையைப் பார்த்துவிட்டு, டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். 2025 ஏப்ரல் விலைப்படி பிரித்தானியாவில் டிஜிட்டல் 429 பவுண், டிஸ்க் உள்ளது 479. டிரைவைத் தனியாக வாங்கினால் 69. பிஎஸ்5 புரோ என்றால் இன்னும் விலை, அதோடு டிரைவும் தனியாகத்தான். இன்னொன்று, டிரைவைத் தனியாக வாங்கிப் பூட்டினால் முதல் தரம் இன்டர்நெட் கொடுத்துத்தான் அதைப் பதிய வேண்டும். இங்கே கொண்டுவந்த பிறகு இது ஒரு சில்லெடுப்பு.

கணக்குத் திறக்கும்போது பிளேஸ்டேஷன் நாட்டுப் பட்டியலில் இலங்கையைத் தேடாதீர்கள், இல்லை. ஒரு நாட்டைத் தெரிந்து, கிஃப்ட் கார்ட் எல்லாம் அந்த நாட்டினுடையதாகவே வாங்குங்கள்.

கம்பஸ் பெடியன் எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வதே என் பக்கத்துக்குத்தானே வருகிறது? சோனியும் 2025 ஓகஸ்டில் தன் ஹெல்டைவர்ஸ் 2 கேமை எக்ஸ்பொக்ஸில் விட்டது. எல்லாரும் எல்லா இடத்திலும் விற்றால் பெட்டியில் என்ன இருக்கிறது? பிசி ஒன்றே போதும்.

பழைய டிஸ்க் எழுதியது:

அறைக்குள் தனியாக இருந்து விளையாடுகிற உமக்கு அது சரி. தம்பியின் கடையில் நடப்பது வேறு. ஒரு ரீவி, இரண்டு கொன்ட்ரோலர், பின்னால் நின்று கத்த நாலு பேர். அதில் பிசியை வைத்தால் ஒருவன் டிரைவரை அப்டேட் பண்ணுவான், மற்றவன் செட்டிங்கை மாற்றிவைப்பான், மூன்றாமவன் தன் ஸ்டீம் கணக்கை அப்படியே விட்டுவிட்டுப் போய் இரவு போன் எடுப்பான். அதோடு ஜிடிஏ 6 பிசிக்கு என்று இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தக் கேள்வியே அதிலிருந்துதானே தொடங்கியது.

ஸ்காபரோ அக்கா எழுதியது:

சுவிட்ச் 2 பற்றி ஒருவரும் சொல்லவில்லை, அதனால் நான். எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள், பெட்டி ஓய்வதே இல்லை. உங்கள் மனைவி சொல்வது பிழை இல்லை தம்பி. நிண்டெண்டோ மற்ற இரண்டு பேரோடும் ஓடுவதே இல்லை. 2012 இல் வந்த வீ யூ 14 மில்லியன்கூட விற்கவில்லை, ஆள் முடிந்தது என்றார்கள். அடுத்து வந்த சுவிட்ச் 150 மில்லியன் தாண்டியது. சுவிட்ச் 2 2025 ஜூன் 5 வந்தது, செப்டெம்பர் முடிவதற்குள் 10 மில்லியன்.

ஆனால் கடைக்கு என்றால் யோசியுங்கள். வந்தபோது அமெரிக்காவில் பெட்டி 449 டொலர், மரியோ கார்ட் கேம் மட்டும் தனியாக வாங்கினால் 79. டிஸ்க்குக்குப் பதிலாகக் கேம் கார்ட் என்று வாங்குகிற சிலதில் உள்ளே கேமே இருக்காது, திறப்பு மாதிரி ஒன்றுதான், முழுவதும் இறக்க வேண்டும். யாராவது ஜப்பான் பெட்டி மலிவாக வருகிறது என்றால் வாங்காதீர்கள். அது ஜப்பான் மொழியில் மட்டும்தான், ஜப்பான் கணக்கு மட்டும்தான் ஏற்கும். செகண்ட் ஹான்ட் என்றால் ஒன்லைனில் போட்டுப் பார்த்துத்தான் காசு கொடுங்கள். கள்ளக் கார்ட் போட்ட பெட்டிகளை நிண்டெண்டோ ஒன்லைனில் தடைசெய்துவிடுகிறது, வாங்கினவருக்குத்தான் தலையிடி.

கொக்குவில் கேம் கடை எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. சித்தப்பாவுக்கு டிஸ்க் உள்ள பிஎஸ்5 என்று வட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்பிவிட்டேன், "சரி" என்று வந்துவிட்டது. இரண்டாவதை இங்கேயே தவணைக்கு எடுக்கலாம் என்று இருக்கிறேன். சுவிட்ச் 2 பிறகு பார்க்கலாம், மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. இருக்கிற பிஎஸ்4 நான்கையும் விற்கவா? யுபிஎஸ் 650 விஏ, இது இரண்டு பிஎஸ்5ஐத் தாங்குமா?

பழைய டிஸ்க் எழுதியது:

நான்கையும் விற்காதீர்கள். ஃபுட்போல் கேமான எஃப்சி 26 பிஎஸ்4க்கும் வந்தது, ஃபுட்போல் பெடியளுக்கு அது போதும். பழுதானது இருந்தால் அதை மட்டும் கழியுங்கள். உங்கள் பிஎஸ்4 டிஸ்க் எல்லாம், விரல் விட்டு எண்ணக்கூடிய சிலதைத் தவிர, பிஎஸ்5 இலும் ஓடும்.

யுபிஎஸ் தாங்காது. விளையாடும்போது ஒரு பிஎஸ்5 200 வாட்ஸ் அளவில் இழுக்கும், ரீவி ஒவ்வொன்றுக்கும் 100 வையுங்கள், இரண்டு சோடிக்கு 600. 650 விஏ என்பது அனேகமாக 400 வாட்ஸைத் தொடாது. 1200 விஏக்குக் குறையாமல் பாருங்கள், பின்பக்கத்தில் வாட்ஸ் எத்தனை என்று போட்டிருக்கும், விஏயைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதுவும் கரண்ட் போனால் ஆட்டத்தை சேவ் பண்ணி நிறுத்துகிற அளவுக்குத்தான் பிடிக்கும். முழு மட்ச் ஆடலாம் என்று பெடியளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.