ஜப்பானியக் கலை: ஹொக்குசாயின் அலைக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன?

மைக்கூடு:
ஜப்பானியக் கலை என்றால் எனக்குத் தெரிந்தது ஓவியர் ஹொக்குசாயின் பேரலைப் படம் மட்டும்தான். கொஞ்சம் ஒழுங்காகத் தெரிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தால் அசுகா, நாரா, ஹெயன், கமகுரா என்று காலகட்டப் பெயர்கள்தான் வரிசையாக வருகின்றன, படித்த மறுநாளே மறந்துபோகிறது. போதாக்குறைக்கு எல்லாமே சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் போனதுதான் என்கிறார்கள். அப்படியானால் அவர்களுடையது என்று எதைச் சொல்வது? எங்கிருந்து ஆரம்பித்தால் பிடிபடும்?

மரச்சிற்பி:
காலகட்டப் பெயர்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மரத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

அதற்கும் முன்னால் ஜோமோன் என்ற வரலாற்றுக்கு முந்தைய காலத்து மண்பாண்டங்கள் இருக்கின்றன. நீகாத்தா பக்கம் கிடைத்த, சுமார் 5,000 ஆண்டு பழைய பானைகளின் விளிம்பு தீ கொழுந்துவிட்டு எரிவதுபோல் எழும்பி நிற்கும். சக்கரம் கிடையாது, மண்ணைத் திரித்துச் சுற்றிச் சுற்றிக் கையாலேயே எழுப்பியது. வேட்டையாடியும் காய்கனி சேகரித்தும் வாழ்ந்த மக்கள், சமைக்கிற பானைக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள்.

6ஆம் நூற்றாண்டில் கொரியாவின் பெக்ஜே அரசு வழியாகப் பௌத்தம் வருகிறது, கூடவே சிலைகளும் வருகின்றன. ஹோர்யூஜி கோயிலில் 623இல் தோரி என்ற சிற்பி வார்த்த வெண்கலப் புத்தரைப் பார்த்தால் அதில் சீனச் சாயல் அப்பட்டமாகத் தெரியும், மறுப்பதற்கில்லை. ஆனால் 1053இல் ப்யோதோயின் கோயிலுக்கு ஜோச்சோ என்ற சிற்பி செய்த அமிதாப புத்தரைப் பாருங்கள். பல மரக்கட்டைகளைத் தனித்தனியாகக் குடைந்து, உள்ளே கூடாக விட்டு, ஒன்றாகப் பொருத்திய சிலை அது. இந்த முறையில் மரம் அவ்வளவாக வெடிக்காது, எடை குறையும், பட்டறையில் பலர் ஒரே நேரத்தில் வேலை பார்க்கலாம். இந்த முறை கைவசம் இருந்ததால்தான், 1180இல் போரில் எரிந்த நாராவின் தோதாய்ஜி கோயிலை மறுபடி கட்டியபோது, சிற்பிகள் உன்கேயும் கைக்கேயும் தங்கள் ஆட்களோடு சேர்ந்து, 8 மீட்டருக்கும் உயரமான இரண்டு வாயிற்காவலர்களை 1203இல் வெறும் 69 நாளில் நிறுத்த முடிந்தது.

என்னைக் கேட்டால், ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் அலையைக்கூட விட்டுவிட்டு, நாராவின் கோஃபுகுஜி கோயிலில் உன்கே பட்டறை 1212 வாக்கில் செய்த அசங்கர், வசுபந்து சிலைகளைப் பார்க்கச் சொல்வேன். இருவரும் இந்தியத் துறவிகள், ஆனால் முகம் நாராவில் நடமாடிய ஏதோ ஒரு முதியவருடையது. கண்கள் ஸ்படிகம். கூடான தலைக்குள்ளிருந்து மெல்லிய ஸ்படிகத் துண்டைப் பொருத்தி, அதன் பின்பக்கம் கருவிழியை வரைந்து, வெண்மைக்குக் காகிதமோ பஞ்சோ வைத்து அடைப்பார்கள். வெளிச்சம் பட்டால் கண் ஈரமாக இருப்பதுபோலவே தெரியும்.

நீலமை:
சிற்பத்தைப் பற்றிச் சொன்னது சரிதான், ஆனால் அலையை விடச் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அது வேறு வகையான சாதனை. அந்தப் படம் ஒரு தனி மனிதர் தூரிகையால் தீட்டியது இல்லை. பதிப்பாளர் பணம் போடுவார், ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து கொடுப்பார், செதுக்குபவர் அந்தத் தாளை செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி அதன் மேலேயே வெட்டுவார், அதோடு ஓவியரின் மூலக்கோடு போய்விடும். அப்புறம் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை. நிறங்கள் விலகாமல் இருக்கப் பலகையின் ஓரத்தில் சின்ன அடையாளவெட்டு இருக்கும், அச்சடிப்பவர் தாளின் மூலையை அதில் பொருத்துவார். பல வண்ண அச்சு 1765 வாக்கில் ஓவியர் ஹருநொபு காலத்தில் முழுமையடைந்தது. 1831 வாக்கில் ஹொக்குசாய் எழுபது வயதில் அலையை வரைந்தபோது, ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்ய நீலம் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்திருந்தது. அலையின் வெளிக்கோடுகூடக் கறுப்பில்லை, நீலம்தான், பெரிதாக்கிப் பாருங்கள்.

சீனத் தாக்கம் பற்றிக் கேட்டீர்கள். மை ஓவியர் செஷ்ஷூ 1467இல் சீனாவுக்கே போய்வந்தவர், ஆனால் அவருடைய மைக் கோடு அங்கிருந்தவர்களுடையதைவிட முரட்டுத்தனமானது, பாறைகள் எல்லாம் கோடாரியால் கொத்தியதுபோல் இருக்கும். ‘கென்ஜியின் கதை’ என்ற பழைய நாவலை வரைந்த 12ஆம் நூற்றாண்டுச் சுருளோவியங்களிலோ கூரையையே நீக்கிவிட்டு, மேலிருந்து சாய்வாக அறைக்குள் நடப்பதைக் காட்டுகிறார்கள். பிறகு வந்த ஜப்பானிய ஓவியத்தில் இந்தப் பார்வை திரும்பத் திரும்ப வருகிறது. அவர்களுடையது எது என்றால் இதைச் சொல்லலாம்.

பழைய_தாள்:
இருவரும் 1868க்கு முன்னாலேயே நின்றுவிட்டீர்கள். அந்த ஆண்டு வந்த புதிய மெய்ஜி அரசு, ஜப்பானின் சொந்த மதமான ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரித்தபோது பல கோயில்கள் சூறையாடப்பட்டன, சிலைகள் வந்த விலைக்குப் போயின, எரிக்கவும் பட்டன. இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. ஃபெனலோசா என்ற அமெரிக்கரும் ஒககுரா என்ற ஜப்பானியக் கலை அறிஞரும் கோயில் கோயிலாகப் போய்ப் பட்டியலிட்டார்கள். பழைய கோயில்களைக் காக்கும் சட்டம் 1897இல்தான் வந்தது.

அதன் பிறகு ஓவியர்கள் இரண்டு அணியானார்கள். குரோதா செய்கி பாரிஸில் படித்துவிட்டு வந்து எண்ணெய் வண்ண ஓவியத்தைப் பரப்பினார். ஒககுராவின் மாணவர்களான தைக்கானும் ஷுன்சோவும் பழைய நிறமிகளையே வைத்துக்கொண்டு, வெளிக்கோடுகளை மட்டும் விட்டுவிட்டு நிறத்தின் மங்கலால் காற்றையும் பனியையும் காட்டினார்கள், மூட்டமாக இருக்கிறது என்று விமர்சகர்கள் திட்டினார்கள். போருக்குப் பின், 1954இல் தொடங்கிய குதாய் என்ற கலைஞர் குழுவில் ஷிரகா கயிற்றில் தொங்கிக்கொண்டு காலாலேயே வரைந்தார். இன்று பேசப்படும் குசாமா, முரகாமி போன்ற கலைஞர்கள் எல்லாம் இதற்கப்புறம்தான், அவர்களை நேரடியாகப் பார்த்தால் அந்தரத்தில் நிற்பதுபோல் இருக்கும்.

மைக்கூடு:
மூன்று பேருக்கும் நன்றி. ஸ்படிகக் கண்ணைத் தேடிப் பார்த்தேன், சொன்னது உண்மைதான். இவற்றைப் பெரிதாக்கிப் பார்க்க நல்ல தளம் இருக்கிறதா? நேரில் போனால் எல்லாம் இருக்குமா?

நீலமை:
தேசிய அருங்காட்சியகங்களின் கோல்பேஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஓவியர் தோஹாகுவின் பைன்மரத் திரைகளில் ஆரம்பியுங்கள், ஒரு தூரிகை வீச்சில் மை எங்கே தீர்கிறது என்பதுவரை தெரியும். நேரில் போவதென்றால் முன்கூட்டியே கண்காட்சித் தேதியைப் பாருங்கள். பட்டும் தாளும் வெளிச்சத்தில் வெளிறும் என்பதால் ஓவியங்களைச் சில வாரம்தான் வெளியே வைப்பார்கள், மீதி நாளெல்லாம் கிடங்கில்தான்.