மறு: ‘அரசியலமைப்பு முடியாட்சி’ ஒன்றே போதுமா?

> புதுச்சொல் எதற்கு? ‘அரசியலமைப்பு முடியாட்சி’ என்றே எல்லா நாட்டுக்கும் போட்டுவிடலாம்.

வணக்கமுங்க அண்ணா,

மன்னர் இருந்தும் அரசமைப்புக்குக் கட்டுப்பட்டு நடக்கும் நாடுகளை வகைபிரித்துத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். அவற்றின் பொதுத்தலைப்பாக நீங்கள் சொன்ன ‘அரசியலமைப்பு முடியாட்சி’ இருக்கட்டும். ஆனால் அதன்கீழ் சுவீடனையும் ஜோர்டானையும் அடுத்தடுத்து எழுதும்போது எனக்குக் கை நின்றுவிட்டது. சுவீடனின் 1974ஆம் ஆண்டு அரசமைப்பில் மன்னருக்குச் சட்டத்தில் கையெழுத்திடும் வேலைகூடக் கிடையாது. பிரதமரை முன்மொழிபவரும் நாடாளுமன்றத் தலைவர்தான். ஜோர்டான் மன்னரோ பிரதமரை அமர்த்துகிறார், நீக்குகிறார்.

எங்களூர் காங்கேயம் பக்கம். தேர் எந்த நாள், என்ன செலவு என்பதெல்லாம் ஊர்க்கூட்டம் முடிவுசெய்வது. ஆனால் ஊர்க்கவுண்டர் பரிவட்டம் கட்டி வடம் தொட்டால்தான் தேர் நகரும். போன வருசம் அவருக்கு உடம்புக்கு முடியவில்லை. நாற்காலியோடு தூக்கிவந்தார்கள், வடத்தில் அவர் விரல் பட்ட பிறகுதான் சனம் இழுத்தது.

பிரிட்டன் முடி அந்த விரல்தானுங்க. அங்கே அரச ஒப்புதல் கடைசியாக மறுக்கப்பட்டது 1708இல், ஆன் அரசி காலத்தில். ஆனாலும் இன்றுவரை ஒப்புதல் பெறாமல் மசோதா சட்டமாவதில்லை. தொடமாட்டேன் என்றால்? பெல்ஜியத்தில் 1990இல் நடந்தது. கருக்கலைப்புச் சட்டத்தில் கையெழுத்திட மன்னர் போதுவானுக்கு மனம் ஒப்பவில்லை. அவர் ஆள இயலாத நிலையில் இருப்பதாக அறிவித்து அமைச்சர்களே கையெழுத்திட்டார்கள். உடனே நாடாளுமன்றம் கூடி அவரைத் திரும்ப அமர்த்தியது.

இந்த வகைக்கு ‘ஒப்பமுடி’ என்கிறேன். ஒப்பம் என்றால் கையெழுத்து, இசைவும் அதுவே. சுவீடன் ‘அடையாளமுடி’. ஜோர்டான், லிக்டன்ஸ்டைன் ‘ஆள்முடி’; லிக்டன்ஸ்டைனில் மக்கள் வாக்கெடுப்பில் தேறிய சட்டத்தைக்கூட, மன்னர் இடத்தில் இருக்கும் இளவரசர் தடுக்கலாம். லக்சம்பர்க்கில் 2008இல் கருணைக்கொலைச் சட்டத்துக்குப் பெருங்கோமகன் (அங்கே மன்னர் இடத்தில் இருப்பவர்) இசையவில்லை என்றதும், அரசமைப்பைத் திருத்தி அவருடைய ஒப்புதலையே நீக்கிவிட்டார்கள். ஒப்பமுடி அடையாளமுடிப் பக்கம் நகர்ந்தது என்று ஒரே வரியில் சொல்ல முடிகிறது பாருங்கள்.

சென்னிமலை அக்கா முன்பு சொன்ன ‘பரம்பரைமுடி’ என்ற பெயர் மலேசியாவில் இடறும். அங்கே ஒன்பது மாநில அரசர்கள் கூடித் தங்களில் ஒருவரை ஐந்தாண்டுக்குப் பேரரசராகத் தேர்கிறார்கள்.

எனக்கு இன்னும் இடிப்பது ஜப்பான். 1947 அரசமைப்பு பேரரசரை நாட்டின் அடையாளம் என்கிறது, ஆட்சி அதிகாரம் இல்லை என்கிறது. ஆனால் சட்டத்தை வெளியிடுவது அவர் பெயரில்தான். மறுக்க வழியில்லாத கையெழுத்தை ஒப்பம் என்னலாமா? அடையாளமுடியில் வைக்கவே நினைக்கிறேன். அக்கா, நீங்கள் எதில் வைப்பீர்கள்?