பள்ளி விட்டு வர்ற பிள்ளைங்களுக்கு வெல்லப் பாப்கார்ன்: உங்க வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்க

திருச்சி அம்மா

சாயங்காலம் நாலே முக்காலுக்கு வேன் சத்தம் கேட்டாப் போதும், ஷூவைக் கழற்றுறதுக்கு முன்னாடியே "அம்மா, திங்க என்ன இருக்கு?"ன்னு குரல் வந்துடும். பெரியவளுக்கு 10 வயசு, சின்னவனுக்கு 6. தினமும் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சு நீட்ட எனக்கு மனசில்லை. நானும் அப்பத்தான் வேலை முடிஞ்சு வந்திருப்பேன், அடுப்படியில் ஒரு மணி நேரம் நிற்கவும் தெம்பு இருக்காது.

ரெண்டு வருஷம் முன்னாடி தியேட்டரில் இனிப்புப் பாப்கார்ன் வாங்கிக் கொடுத்ததில் இருந்து ரெண்டு பேரும் அதையே கேட்டுக்கிட்டு இருந்தாங்க. வீட்டிலேயே செய்யலாம்னு ஒரு வீடியோவைப் பார்த்து இறங்கினேன். வெள்ளைச் சர்க்கரை, வெண்ணெய், கார்ன் சிரப். அந்தச் சிரப் எங்க தெரு மளிகைக் கடையில் ஏது? அதை விட்டுட்டுச் செய்தேன். சர்க்கரை ஓரத்தில் கருகிடுச்சு, நடுவில் உருகவே இல்லை. மறுபடி செய்தப்போ கிளறக் கிளறச் சர்க்கரை பூத்து மணல் மாதிரி ஆயிடுச்சு.

அந்தக் கார்த்திகைக்கு எங்க அம்மா வந்திருந்தாங்க. பொரி உருண்டை பிடிச்சு முடிச்சதும் சட்டியில் ரெண்டு கரண்டிப் பாகு மிச்சம். பக்கத்தில் பிள்ளைங்க பாதி தின்னுட்டு வெச்ச பாப்கார்ன் கிண்ணம். அம்மா ஒண்ணும் கேட்கலை. கிண்ணத்தை எடுத்துப் பாகில் கொட்டி நாலு புரட்டுப் புரட்டித் தட்டில் உதறிட்டாங்க. "இதுவும் பொரிதானடி"ன்னாங்க. ஆறினதும் எடுத்து வாயில் போட்டா, மொறுமொறுன்னு, ஏலக்காய் வாசனையோட. தட்டு காலியாக அஞ்சு நிமிஷம் ஆகலை.

அதிலிருந்து வாரம் ஒரு நாளாவது செய்றேன். 50 கிராம் பாப்கார்ன் சோளம், அது பொரிஞ்சா பெரிய குண்டான் நிறைய வரும். அடிகனமான பாத்திரத்தில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு மூணே மூணு மணியை மட்டும் முதலில் போடுவேன். அது வெடிச்சதும் மிச்சத்தைப் போட்டு அரை நிமிஷம் அடுப்பை விட்டு இறக்கி வெச்சு, மறுபடி ஏற்றுவேன். எல்லா மணியும் ஒரே சூட்டுக்கு வந்து சேர்ந்தாப்ல வெடிக்கும். மூடியை இறுக்கி மூடக் கூடாது. ஓரத்தில் ஒரு விரல் இடம் விட்டாத்தான் ஆவி வெளியே போகும், இல்லைன்னா ரப்பர் மாதிரி இழுக்கும். வெண்ணெய் முதலிலேயே போட்டா அதில் இருக்கிற பால் சத்து கருகிடும். அதனால எண்ணெய், இல்லைன்னா நெய்.

பொரிஞ்சதை அகலமான சல்லடையில் கொட்டி நல்லா உலுக்கணும். வெடிக்காத மணி எல்லாம் கீழே விழுந்துடும். பாகு பூசின பிறகு அதைக் கண்டுபிடிக்கவே முடியாது, பிள்ளைங்க கடிச்சாப் பல்லு போயிடும்.

பாகுக்கு 80 கிராம் வெல்லம், ரெண்டு மேசைக்கரண்டித் தண்ணி. கரைஞ்சதும் வடிகட்டி, திரும்ப அடுப்பில் வெச்சுக் கொதிக்க விட்டு, கிண்ணத்துத் தண்ணியில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். உருட்ட வந்தா அது உருண்டைப் பதம். இன்னும் ஒரு நிமிஷம் விட்டா, எடுத்து வளைச்சா 'டக்'குன்னு உடையும். உதிரி உதிரியா வேணும்னா இந்தப் பதம்தான். அடுப்பை அணைச்சு, ஒரு ஸ்பூன் நெய், ஏலப்பொடி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. சோடா போட்டதும் பாகு பொங்கி நுரைக்கும். அந்தக் காற்றுக் குமிழிதான் பாகைக் கல்லா இறுக விடாமல் கடிக்கிறதுக்கு இதமா வெச்சிருக்கும். உடனே பாப்கார்னைக் கொட்டிப் புரட்டணும், பாப்கார்னும் சூடா இருக்கணும். ஆறிப்போனதைப் போட்டா பாகு பட்ட இடத்திலேயே இறுகி, பாதிக்கு இனிப்பே ஏறாது.

எங்க வீட்டு முறை இது. நீங்க எப்படிச் செய்றீங்க? தப்பிப் போன கதை இருந்தாலும் சொல்லுங்க, அதில்தான் கத்துக்க முடியுது.

தூத்துக்குடிக்காரி

அக்கா, எங்க பக்கம் வெல்லத்தை விட கருப்பட்டிதான். எங்க வீட்டுக்கு உடன்குடியில் இருந்து சித்தி கொடுத்து விடுவாங்க. அதில் செய்து பாருங்க, கூட ஒரு துளி சுக்குப்பொடி போட்டு. பிள்ளைகளுக்கு முதலில் அந்தக் காரம் புதுசா இருக்கும், அப்புறம் அதுவே வேணும்பாங்க.

ரெண்டு விஷயம் மட்டும். கருப்பட்டியில் மண்ணும் தூசியும் இருக்கும், துணியில் வடிகட்டினாத்தான் சரி. அப்புறம் அது தொடக்கத்திலேயே கறுப்பு, அதனால நிறத்தைப் பார்த்துப் பதம் சொல்ல முடியாது. நான் நிறத்தை நம்பி ஒரு தடவை இறக்கிட்டேன், எல்லாம் பிசுபிசுன்னு கையோட ஒட்டிக்கிச்சு. தண்ணியில் விட்டுப் பார்க்கிறது ஒண்ணுதான் வழி. தனிக் கருப்பட்டிப் பாகு எனக்குச் சீக்கிரம் இளகிடுது, அதனால முக்கால் பங்கு கருப்பட்டி, கால் பங்கு வெல்லம்.

நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல்லும் பொட்டுக்கடலையும் சேர்த்து உருண்டையாப் பிடிச்சா அசல் கார்த்திகைப் பொரிதான். கையில் அரிசி மாவு தொட்டுக்கிட்டா சூடும் தெரியாது, ஒட்டவும் ஒட்டாது.

செங்கல்பட்டிலிருந்து

எல்லாரும் சந்தோஷமாப் பேசிக்கிட்டு இருக்கும்போது இதைச் சொல்றேன்னு நினைக்காதீங்க. சொல்லியே ஆகணும்.

என் இளைய மகளுக்கு அப்போ ரெண்டரை வயசு. அக்கா சாப்பிட்ட பாப்கார்னில் இருந்து ஒண்ணு எடுத்து வாயில் போட்டுக்கிட்டு ஓடினா. சிரிச்சா, இருமினா, கண்ணில் தண்ணி வந்துச்சு, பிறகு அடங்கிடுச்சு. சரியாப் போச்சுன்னு விட்டுட்டோம். மூணு நாள் கழிச்சும் இருமல் நிற்கலை. சளின்னு நினைச்சு மருந்து கொடுத்தோம். மூச்சு விடும்போது ஒரு பக்கம் மட்டும் விசில் மாதிரி சத்தம். எக்ஸ்ரேயில் ஒண்ணும் தெரியலை. சோளம் மாதிரிப் பொருள் எக்ஸ்ரேயில் தெரியாதாம், அது பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அந்த டாக்டர் "எதாவது தின்னும்போது புரையேறுச்சா?"ன்னு ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விதான் என் பிள்ளையைக் காப்பாத்துச்சு. மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு, உடைஞ்ச சோளத் துண்டை எடுத்தாங்க.

நாலு வயசு ஆகாத குழந்தைக்குப் பாப்கார்ன் கொடுக்கவே கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் அதையேதான் சொல்லுது. கடைவாய்ப் பல் சரியா வந்திருக்காது, மென்னு அரைக்கத் தெரியாது. பெரிய பிள்ளைங்களும் உட்கார்ந்துதான் சாப்பிடணும், ஓடிக்கிட்டும் படுத்துக்கிட்டும் கூடாது. வீட்டில் ரெண்டு வயசிலும் எட்டு வயசிலும் பிள்ளைங்க இருந்தா, தட்டைத் துடைச்சு, தரையைப் பெருக்கிட்டு மறுவேலை பாருங்க.

திருச்சி அம்மா

படிக்கும்போதே கை நடுங்கிப் போச்சு. எழுதினதுக்கு ரொம்ப நன்றி. நான் முதல் பதிவிலேயே வயசைச் சொல்லியிருக்கணும். என் தங்கச்சி பையனுக்கு ஒண்ணரை வயசு, அவன் வந்தா அவனுக்கு ஊறின அவலில் வெல்லமும் தேங்காய்ப்பூவும் கலந்து பிசைஞ்சு கொடுத்துடுவேன். பெரியவங்க தட்டு மேசைக்கு மேலேயே இருக்கட்டும்.

கோவை அப்பா

2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் ஞாபகம் இருக்கா? உப்புப் பாப்கார்னுக்கு 5, பாக்கெட்டில் அடைச்சதுக்கு 12, காரமல் பாப்கார்னுக்கு 18 சதவீதம்னு விளக்கம் கொடுத்தாங்க. டிவியில் அதைப் பார்த்துட்டுத்தான் என் பையன், "காரமல்னா என்னப்பா?"ன்னு கேட்டான். சர்க்கரையை உருக்கிப் பழுப்பாக்கின பாகுன்னு சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே ரெண்டு பேரும் செய்து பார்த்தோம். அவனுக்கு 8 வயசு. அவன் அம்மா ஊரில் இல்லை.

அவனுக்கு ரொம்பப் பிடிச்சது, பொரியுற சத்தத்தை எண்ணுறது. ஏன் வெடிக்குதுன்னு கேட்டான். மணிக்குள்ள நூத்துக்கு 14 பங்கு போல ஈரம் இருக்கும், 180 டிகிரி சூட்டில் அது ஆவியா மாறி வெளியே வர வழியில்லாமல் ஓட்டை உடைச்சுக்கிட்டு வருதுன்னு சொன்னேன். உடனே, "அப்ப வெடிக்காததுக்குத் தாகமாப்பா?"ன்னான். அது உண்மைதான். பழைய சோளம் காய்ஞ்சு போயிருந்தால் வெடிக்காது. பாட்டிலில் ஒரு ஸ்பூன் தண்ணி விட்டுக் குலுக்கி ரெண்டு நாள் மூடி வெச்சுச் செய்து பார்த்தோம், முன்னைவிட நிறையப் பொரிஞ்சது. தானே கண்டுபிடிச்ச மாதிரி வகுப்பில் எல்லார்கிட்டேயும் சொல்லியிருக்கான்.

அன்னைக்கு ஒரு தப்பும் நடந்தது. பாகைக் கரண்டியில் எடுத்து ஊற்றும்போது ஒரு சொட்டு அவன் புறங்கையில் விழுந்துடுச்சு. கொதிக்கிற தண்ணி பட்டா வழிஞ்சு ஓடிடும், பாகு ஒட்டிக்கிட்டே சுடும். குழாய்த் தண்ணியில் 20 நிமிஷம் கையைப் பிடிச்சு வெச்சிருந்தேன், அவன் அழ அழ. பேஸ்ட், மாவு எதுவும் வைக்கலை. சின்னக் கொப்புளத்தோட போச்சு. இப்போ எங்க வீட்டில் சட்டம்: எண்ணுறது, உலுக்குறது, உதிர்க்கிறது அவன் வேலை. பாகு அடுப்பில் இருக்கும்போது அடுப்படி வாசலைத் தாண்டக் கூடாது.

பெரம்பலூர் மருமகள்

எங்க வீட்டில் மக்காச்சோளம் மூட்டை மூட்டையாக் கிடக்கும். கல்யாணம் ஆன புதுசில், இதை எதுக்குக் கடையில் வாங்கணும்னு காட்டில் விளைஞ்சதையே எண்ணெயில் போட்டேன். வறுபட்டுச்சு, கறுத்துச்சு, அங்கங்கே கீறிச்சே தவிர ஒண்ணும் பூக்கலை. மாமனார்தான் சொன்னார், இது நாமக்கல் கோழிப்பண்ணைக்குப் போற தீவனச் சோளம், பொரிக்கிற ரகம் வேற, அதுக்குத் தோல் கெட்டியா இருக்கும்னு.

மாமியார் வேற ஒண்ணு சொல்லிக் கொடுத்தாங்க. நம்ம வெள்ளைச் சோளம், அதான் நாட்டுச் சோளம், அது நல்லாப் பொரியும். இரும்புச் சட்டியை நல்லாக் காய வெச்சு, எண்ணெய் இல்லாமல் ஒரு கைப்பிடி மட்டும் போட்டு, துணிப் பந்தால் விடாமல் தள்ளிக்கிட்டே இருக்கணும். முத்து முத்தா, மல்லிகை மொட்டு மாதிரிச் சின்னதாப் பூக்கும். அதில் வெல்லப் பாகு விட்டுப் பிடிச்ச உருண்டைக்கு எங்க பிள்ளைங்க சண்டை போடுவாங்க. எனக்கு உங்க பாப்கார்னை விட அதுதான் ஒரு படி மேல.

சென்னை, கடற்கரைப் பக்கம்

எல்லாம் சரி, எனக்கு ராத்திரிக்குள்ள நமத்துப் போயிடுது. காலையில் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்ப முடியலை. என்ன செய்யலாம்?

கோவில்பட்டித் தாத்தா

அம்மா, கடலை மிட்டாய் போடும் இடத்தில் முப்பது வருடம் பாகு காய்ச்சியவன் என்பதால் சொல்கிறேன். 2020-இல் எங்கள் ஊர்க் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வந்தபோது, வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்த நானும் தெருவுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

வெல்லம் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். அது அதன் குணம். உப்புக் கரிக்கும் வெல்லம் இன்னும் வேகமாக இழுக்கும், ஆகவே வாங்கும்போது ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். மஞ்சளாகப் பளபளவென்று இருப்பதைத் தேடாதீர்கள், ரசாயனம் போட்டு வெளுத்ததாக இருக்கும். இரண்டாவது, உங்கள் பாகு பதம் வருவதற்கு முன்பே இறங்கியிருக்கும். கடற்கரைக்காரர்கள் இன்னும் அரை நிமிடம் துணிந்து விடலாம். சொட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தட்டில் போட்டால் சில்லறைக் காசு விழுந்ததுபோல் சத்தம் வர வேண்டும். அதற்கு மேல் போனால் கசக்கும். மழைக்காலத்தில் நான் வெல்லத்தில் நான்கில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் சர்க்கரை சேர்ப்பேன்.

மூன்றாவது, மின்விசிறிக் காற்றில் ஆற வைக்காதீர்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கியதும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு அழுத்தி மூடிவிடுங்கள். திறந்து திறந்து மூடும் டப்பா வேறு, பள்ளிக்குக் கொடுக்கும் டப்பா வேறு என்று வையுங்கள்.

சென்னை, கடற்கரைப் பக்கம்

ஐயா, அந்தக் காசுச் சத்தம் கேட்கிற வரைக்கும் விட்டேன். ஓடிஜி (சின்ன மின்சார ஓவன்) இருக்கிறதால தட்டில் பரப்பி 120 டிகிரியில் 15 நிமிஷம் வெச்சு, நடுவில் ஒரு தடவை கிளறியும் விட்டேன். ரெண்டு நாளா மொறுமொறுப்புக் குறையலை. மூணாம் நாள் வரைக்கும் மிஞ்சலை.

திருச்சி அம்மா

தாத்தா சொன்ன மாதிரி நேத்து நானும் செய்தேன். சத்தம் வந்ததும் பெரியவளைக் கூப்பிட்டுக் கேட்க வெச்சேன், வாசலில் நின்னபடியே. சின்னவன் பெரம்பலூர் மாமியார் முறைன்னு வெள்ளைச் சோளம் கேட்கிறான். பெரம்பலூர் தோழி, ஒரு கிலோ வாங்கி வெச்சிருக்கேன். துணிப் பந்துக்கு எவ்வளவு பெரிய துணி எடுக்கணும், அது கருகாதா? அதை மட்டும் கொஞ்சம் சொல்லுங்க, சனிக்கிழமை செய்யப் போறோம்.

பெரம்பலூர் மருமகள்

பழைய வேட்டித் துணியில் கைக்குட்டை அளவு ரெண்டு மடிப்பு, குச்சி நுனியில் இறுகக் கட்டிக்கோங்க. லேசா ஈரம் பண்ணிக்கோங்க, கருகாது. சட்டியை விட்டு எட்டி நில்லுங்க, அது வெளியே துள்ளும்.