மாரத்தான் பயிற்சிக்கு நடுவில் கோழி, வே பவுடரைக் குறைப்பது எப்படி?

அடையாறு_ஓட்டம்

வணக்கம். ஜனவரி சென்னை மாரத்தானுக்கு, முழு தூரத்துக்கு, பயிற்சி எடுக்கிறேன். எடை 62 கிலோ. வாரத்துக்கு 70 கி.மீ., ஞாயிறு நீள ஓட்டம் 28 கி.மீ. வரை.

இப்போதைய சாப்பாடு: தினமும் எலும்பில்லாத கோழி 250 கிராம், வே புரதம் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்) இரண்டு ஸ்கூப், அரிசி 400 கிராம், சாம்பார், தயிர். ஞாயிறு மதியம் மட்டன் 300 கிராம். நீள ஓட்டத்தில், ஓடும்போதே சாப்பிடும் மாவுச்சத்து ஜெல் நான்கு பாக்கெட்.

சுற்றுச்சூழல் சுமையைக் குறைக்க வேண்டும், பயிற்சியின் பலன் குறையக் கூடாது. எதில் கை வைத்தால் உண்மையாகவே குறையும்? முட்டை, மீன் சாப்பிடுவேன். பயறு அதிகமானால் வயிறு உப்புகிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

---

பயறுக்காரர்

முதலில் கூட்டிப் பாருங்கள். கோழியில் சுமார் 55 கிராம் புரதம், இரண்டு ஸ்கூப்பில் 48, அரிசியில் 28. சாம்பாரும் தயிரும் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 140 கிராமைத் தாண்டுகிறது. நீள ஓட்டக்காரருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் போதும். உங்களுக்கு அது 75 முதல் 100 கிராம். மிச்சத்தை உடம்பு எரிபொருளாகத்தான் எரிக்கிறது. அந்த வேலையை அரிசி இன்னும் மலிவாகச் செய்யும். ஆகவே வேயை இன்றே நிறுத்தினாலும் நஷ்டம் இல்லை.

அடுத்தது சுமைக் கணக்கு. 2018இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த பூர், நெமெசெக் ஆய்வு 119 நாடுகளின் பண்ணைத் தரவைத் திரட்டியது. 100 கிராம் புரதத்துக்கு அதில் வரும் உலகச் சராசரி, கரியமில வாயுவுக்கு நிகராக: ஆட்டிறைச்சி 20 கிலோ, கோழி 5.7, முட்டை 4.2, வேர்க்கடலை 1.2, பயறு வகைகள் 0.8. மேய்ச்சல் ஆட்டுக்கும் பண்ணை ஆட்டுக்கும் எண் மாறும், ஆனால் வரிசை பெரிதாக மாறாது.

உங்கள் ஒரு வாரத்துக்குப் போட்டால், கரியமில வாயுக் கணக்கில் கோழி 22 கிலோ, மட்டன் 11 கிலோ. பலரும் கவனிக்காதது அரிசி. நெல் வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது காற்றில்லாத சேற்றில் மீத்தேன் உருவாவதால், கிலோ அரிசிக்கு ஏறக்குறைய 4 கிலோ. வாரம் 2.8 கிலோ சாப்பிடுகிறீர்கள். அதுவும் 11 கிலோ, மட்டனுக்குச் சமம்.

கை வைக்க வேண்டிய வரிசை என் பார்வையில் இது: மட்டனை மாதம் ஒரு முறையாக்குங்கள். கோழியை வாரம் இரண்டு நாளாக்குங்கள். இரவு அரிசியைக் கம்பு, சோளம், கேழ்வரகு, கோதுமைக்கு மாற்றுங்கள். மதியச் சோற்றை விட வேண்டாம், அந்த மாவுச்சத்து உங்களுக்குத் தேவை. திருந்திய நெல் சாகுபடியில், காய்ச்சலும் பாய்ச்சலுமாக (வயலைக் காயவிட்டு, பிறகு நீர் பாய்ச்சி) தண்ணீர் விட்டு விளைவித்த அரிசி நேரடியாகக் கிடைத்தால் அதை வாங்குங்கள். வயல் இடையிடையே காய்வதால் மீத்தேன் கணிசமாகக் குறைகிறது.

கோழி இல்லாத நாளுக்கு ஒரு மாதிரி (எடை எல்லாம் சமைக்கும் முன்):

காலை, ஓட்டம் முடிந்து: முளைகட்டிய பச்சைப்பயறு 50 கிராம், முட்டை 2, இட்லி 3. புரதம் 30 கிராம்.
மதியம்: அரிசி 120, சாம்பாரில் துவரை 40, சோயா உருண்டை 25, தயிர் 150. புரதம் 35.
மாலை: வேர்க்கடலை 30, பொட்டுக்கடலை 30. புரதம் 13.
இரவு: கம்பு அல்லது கோதுமை 100, கறுப்புக் கொண்டைக்கடலை 50. புரதம் 20.

மொத்தம் 98 கிராம். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் வாழைப்பழம், கூடுதல் சோறு என்று மாவுச்சத்தைத் தனியாக ஏற்றிக்கொள்ளுங்கள். பயிற்சி கடுமையான நாளில் கிலோவுக்கு 6 முதல் 7 கிராமாவது வேண்டும்.

தாவரப் புரதத்தில், தசை வளர்ச்சியைத் தூண்டும் லியூசின் என்ற அமினோ அமிலம் குறைவு. அதனால் ஒரு வேளைக்கு 20 கிராம் என்றிருப்பதை 25–30 ஆக உயர்த்துவது நல்லது. காலையும் மதியமும் அந்த அளவை விட்டுவிடாதீர்கள். சோயா உருண்டையை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசிப் பிழிந்தால்தான் பச்சை வாடை போகும்.

---

கூழும்_கோட்டும்

உப்புசத்துக்கு வர்றேன். பயறுல இருக்கிற ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ்ங்கிற சர்க்கரை வகைங்க சிறுகுடல்ல செரிக்காம பெருங்குடலுக்குப் போயி அங்க வாயுவாகுது. எட்டு மணி நேரம் ஊறவச்சு, அந்தத் தண்ணிய கொட்டிட்டு, புதுத் தண்ணியில வேகவைங்க. முளைகட்டுனா இன்னும் குறையும். ஊறுன பயறு குக்கர்ல சீக்கிரம் வெந்துடும், கேஸும் மிச்சம். ஒரே வாரத்துல முழு அளவுக்குத் தாவ வேணாம். முதல் வாரம் நாளைக்கு 40 கிராம், அடுத்த வாரம் 80, அப்புறம் முழு அளவு. குடலுக்குப் பழக ரெண்டு மூணு வாரம் ஆகும்.

நீள ஓட்டத்துக்கு முதல் நாள் மதியத்தோட கடலை, பயறு, சிறுதானியம் எல்லாத்தையும் நிறுத்திடுங்க. அன்னிக்கு ராத்திரி இட்லி, இல்லாட்டி வெள்ளைச் சோறும் ரசமும். நார்ச்சத்து நல்லதுதான், ஆனா 20 கி.மீ.க்கு மேல குடலுக்கு ரத்த ஓட்டம் குறையும்போது அதுவே வயித்தக் கலக்கும். போட்டி நாளுக்கும் இதேதான். சிறுதானியம் நல்லதுன்னு அன்னைக்குக் காலையில கம்பங்கூழ் குடிச்சிட்டுப் போய் நிக்காதீங்க.

ஜெல் பாக்கெட்டோட உறை அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒட்டுனது, மறுசுழற்சிக்கு யாரும் எடுக்க மாட்டாங்க. மாத்து ஒண்ணு: ஒரு லிட்டர் தண்ணி, சர்க்கரை 70 கிராம், உப்பு கால் டீஸ்பூன் (சுமார் 1.5 கிராம், அதுல சோடியம் 600 மில்லிகிராம்), அரை எலுமிச்சை. மணிக்கு அரை லிட்டர் குடிச்சா 35 கிராம் மாவுச்சத்து. கூட கொட்டை எடுத்த சின்ன பேரீச்சம்பழம் நாலு, சுமார் 24 கிராம். மணிக்கு 60 கிராம் ஆச்சு. சர்க்கரை உடம்புல குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமா பாதிப்பாதி உடையறதால ரெண்டும் வேற வேற வழியில உறிஞ்சப்படும், அதனால வயிறு தாங்குது.

தப்பு நடக்கிற இடம்: லிட்டருக்கு 80 கிராமுக்கு மேல கரைச்சா இரைப்பை காலியாகிறது மெதுவாகும், குமட்டும். தேன் மட்டும் எடுத்தா அதுல ஃபிரக்டோஸ் கூடுதல், வயிறு ஊதும். நாட்டுச்சர்க்கரை போட்டா வடிகட்டணும், முதல் நாளே கலக்கி வச்சா வெயில்ல புளிச்சிடும். இளநீர்ல பொட்டாசியம் ஏராளம், சோடியம் கம்மி. அதை மட்டும் நம்பி மூணு மணி நேரம் ஓடக் கூடாது, உப்பு சேர்த்துக்கணும்.

எதுவானாலும் பயிற்சி ஓட்டத்துல நாலஞ்சு தடவை சோதிச்ச பிறகுதான் போட்டிக்கு.

---

சாளைமீன்

மீனைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மேலே உள்ள பட்டியலில் சோயாவுக்குப் பதிலாக வாரம் இரண்டு முறை சாளை, நெத்திலி, கானாங்கெளுத்தி 100 முதல் 150 கிராம் வையுங்கள். 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம், கூடவே பயறில் கிடைக்காத நீண்ட சங்கிலி ஒமேகா 3. கூட்டமாக மேற்பரப்பில் திரியும் சிறு மீன்களைப் பிடிக்க டீசல் செலவு குறைவு. இனப்பெருக்கமும் வேகம். வஞ்சிரம் போன்ற பெரிய மீன் மற்ற மீன்களைத் தின்று வளர்வது, பாதரசமும் அதில்தான் சேரும்.

இறாலை மாற்றாக நினைக்காதீர்கள். அதே ஆய்வில் பண்ணை இறால் 100 கிராம் புரதத்துக்கு 18 கிலோ. ஆட்டிறைச்சிக்கு அருகில் நிற்கிறது. இழுவலை இறாலிலும் சிக்கல் உண்டு. அடிக்கடலை வாரி எடுக்கும்போது கூடவே வரும் குஞ்சு மீன்கள் கழிவாகி மீன்மாவு ஆலைக்குப் போகின்றன.

சந்தையில் விரல் நீள மத்தியை (சாளைக்கு இன்னொரு பெயர்) கண்டால் வாங்காதீர்கள். கேரளத்தில் 10 செ.மீ.க்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கவே சட்டப்படி தடை. முட்டையிடும் முன்பே பிடித்தால் அடுத்த ஆண்டு வலையில் மீன் இருக்காது. சென்னை உள்ளிட்ட கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் கிடைத்தால் சரி, இல்லையென்றால் பயறுக்குத் திரும்புங்கள். குளிர்பதனக் கிடங்கிலிருந்து வரும் பெரிய மீனைத் தேட வேண்டாம்.

நெத்திலியை முள்ளோடு சாப்பிடுங்கள். புளிக்குழம்பில் நிதானமாகக் கொதித்தால் சாளையின் முள்ளும் மிருதுவாகும், கால்சியம் வீணாகாது.

---

தடகள_மாஸ்டர்

இதே இழையில் ஒரு கேள்வி. என்னிடம் பயிற்சி பெறும் 19 வயது மாணவி, 800 மீட்டர். பால், முட்டை உட்பட விலங்குப் பொருள் எல்லாவற்றையும் சுற்றுச்சூழலுக்காக விட்டுவிட்டார். நான் எதைக் கவனிக்க வேண்டும்?

---

பயறுக்காரர்

மாஸ்டர், புரதத்தை விட மூன்று விஷயம் முக்கியம்.

ஒன்று, பி12. தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லை. மாத்திரை கட்டாயம், இதில் பேரம் கிடையாது.

இரண்டு, இரும்பு. ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்த அளவு) பரிசோதனை இப்போதே எடுத்துவிட்டு, சீசன் நடுவில் மறுபடியும் எடுக்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் சரிந்திருக்கும். கம்பு, கொள்ளு, கீரையில் இரும்பு உண்டு, ஆனால் தானியத்திலும் பயறிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்துக்கொள்ளும். ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் அந்தப் பிடியைத் தளர்த்தும். சாப்பாட்டோடு நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஏதாவது ஒன்று இருக்கட்டும். டீ, காபிக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். கடும் பயிற்சி முடிந்து 3 முதல் 6 மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, இரும்பு உறிஞ்சுவதைத் தடுக்கும். ஆகவே காலைப் பயிற்சி என்றால் இரும்புள்ள உணவை முடித்தவுடன் அரை மணிக்குள் கொடுங்கள். மாத்திரை தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

மூன்று, மொத்தக் கலோரி. இதுதான் பெரிய ஆபத்து. பயறும் காய்கறியும் வயிற்றைச் சீக்கிரம் நிரப்பிவிடும். சாப்பிட்டது போதவில்லை என்று தெரியவே தெரியாது. பயிற்சிக்குச் செலவானது போக, கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே மிஞ்சினால் ஹார்மோன்கள் தடுமாறும். 45 இருந்தால் நிம்மதி. மாதவிடாய் மூன்று மாதம் வராமல் போனால் அது கடின உழைப்பின் அடையாளம் இல்லை, உடனே மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறி. எலும்பு முறிவு பின்னாலேயே வரும். எண்ணெய், தேங்காய், வேர்க்கடலை, எள் உருண்டை தாராளமாக இருக்கட்டும். கால்சியத்துக்குக் கேழ்வரகும் எள்ளும்.

தசைக்கு வேக ஆற்றல் தரும் கிரியேட்டினும் கேட்பார்கள். கடையில் விற்கும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் ரசாயன முறையில் தயாராவது, விலங்கிலிருந்து எடுப்பதல்ல. நாளுக்கு 3 முதல் 5 கிராம் எடுக்கலாம், ஆனால் ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்படும் வீராங்கனை என்றால் கலப்படம் இல்லை என்று தொகுப்புவாரியாகச் சோதித்த தயாரிப்பு மட்டும்.

---

அடையாறு_ஓட்டம்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: வீட்டில் பன்னீர் எடுத்த தண்ணீரை வே பவுடருக்குப் பதிலாகக் குடிக்கலாமா? எப்படியும் கொட்டப்போகிற தண்ணீர்தானே.

---

கூழும்_கோட்டும்

அதுல நினைக்கிற அளவு புரதம் இல்லீங்க. வே பவுடர் பெரும்பாலும் சீஸ் ஆலைத் தண்ணியில இருந்து வருது. அங்க பாலை அதிகம் சூடாக்காம ரென்னெட்டுங்கிற நொதியைப் போட்டு உறைய வைப்பாங்க, அதனால வே புரதம் தண்ணியிலேயே தங்கிடும். வீட்டுல பாலைக் கொதிக்க வச்சுத் திரிக்கிறோம். அந்தச் சூட்டுல வே புரதம் உருமாறி, பாலோட இன்னொரு புரதமான கேசினோட சேர்ந்து பன்னீருக்குள்ளயே போயிடுது. மிஞ்சுற தண்ணியில 100 மில்லிக்கு அரை கிராம் புரதம் இருந்தாலே பெரிசு, மீதி பால் சர்க்கரையும் தாது உப்பும்தான்.

ஆனா கொட்டாதீங்க. சப்பாத்தி மாவு பிசையலாம், குருமாவுல ஊத்தலாம், கொண்டைக்கடலை வெந்த பிறகு கொழம்புக்குச் சேர்க்கலாம். வேகுறதுக்கு முன்னாடியே ஊத்திடாதீங்க, புளிப்பும் கால்சியமும் இருந்தா கடலை மெத்துனு வேகாது.